இராகுவும் கேதுவும்: கணக்கும் கலக்கமும்

அறியாத பொருளுக்கு அஞ்சுதல் மக்கட்கு இயல்பு. ஆயின், நன்கு அறிந்து, அளந்து, கணக்கிட்டு, ஏட்டிலும் எழுதிவைத்த ஒரு பொருளுக்கே மீண்டும் அஞ்சத் தொடங்குதல் வியப்பினும் வியப்பன்றோ? இராகு, கேது என்னும் இரண்டு பெயர்களைக் கேட்டவளவில் நம் நாட்டு இல்லங்கள் பலவற்றில் எழும் நடுக்கம் இவ்வகையினதே. இவ்விரண்டும் யாவை, இவற்றிற்குச் சோதிட நூலார் கூறும் பொருள் யாது, அப்பொருள் நம் வாழ்வில் எவ்வளவு தூரம் செல்லத்தக்கது என்பவற்றைப் பற்றி யான் கருதுவதை நம் கல்லூரி மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றேன். இவ்விருப்பம் நூல் படித்ததனால் எழுந்ததன்று. ஓர் ஏரிக்கரையிலே ஒரு தந்தை கேட்ட கேள்வியால் எழுந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு என்னும் சிற்றூர் உளது. அவ்வூர் ஆடவர் ஏரியில் வலை வீசிப் பிழைப்பவர். மகளிருள் பலர் பனையோலையைக் கிழித்துச் சாயமேற்றிப் பெட்டியும் கூடையும் முடைபவர். சென்ற விடுமுறையில் அங்குள்ள நண்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவர் எழுத்தறிவு மிகுதியும் இல்லாதவர். ஆயின் ஏரியின் நீரோட்டம் அவர்க்கு உள்ளங்கை நெல்லிக்கனி. அவருடைய மூத்த மகள் பள்ளிப் படிப்பை நல்ல முறையில் முடித்தவள். அவளுக்கு மணம் பேசி, நாள் குறிக்கும் அளவிற்கு வந்து, பின்பு அம்மணம் நின்றுபோயிற்று. காரணம் யாதெனின், பொன்னேரிக் கடைத்தெருவில் கணிப்பொறியால் அச்சிட்டு வாங்கிய சாதகக் குறிப்பில், இலக்கினத்திற்கு இரண்டாமிடத்தில் இராகுவும் எட்டாமிடத்தில் கேதுவும் நின்றனவாம். “நாகதோஷம்; கணவனுக்கு ஆகாது” என்றனராம். பரிகாரங்கள் செய்தாயின, அவற்றின் பொருட்டு மனைவியின் காதணி அடகுக்குச் சென்றது. இரண்டாவது வந்த இடமும் அதே காரணம் சொல்லி விலகியது.

இவற்றையெல்லாம் கூறிவிட்டு அவர் என்னை நோக்கி, “ஐயா, நீங்கள் நாலெழுத்துப் படித்தவர். என் மகள் பிறந்ததில் என்ன குற்றம்?” என்றார். சற்று அப்பால் அமர்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்த அப்பெண் தலை நிமிரவில்லை. ஆயினும் அவள் கைகள் நின்றுவிட்டன. அன்று யான் தட்டுத்தடுமாறிக் கூறிய விடையையே இங்கு ஒழுங்குபடுத்தி எழுதுகின்றேன்.

முதற்கண், சோதிட நூலார் கூறுவதை நேர்மையாக எடுத்துரைத்தல் முறையாகும். திருப்பாற்கடல் கடைந்தபொழுது தேவர் வரிசையில் மறைந்திருந்து அமுதுண்ட அசுரன் ஒருவனைச் சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுத்தனர் என்பதும், திருமால் அவனை இரண்டாகத் துணித்தார் என்பதும், தலை இராகுவாகவும் உடல் கேதுவாகவும் நின்று, காட்டிக்கொடுத்த இருவரையும் அவ்வப்போது விழுங்குகின்றன என்பதும் யாவரும் அறிந்த புராணக் கதை. பாம்பு திங்களைப் பற்றும் என்னும் எண்ணம் தமிழிலும் மிகப் பழையது. களவு வெளிப்பட்ட செய்தி ஊரெங்கும் பரவுதற்கு வள்ளுவரே அதனை உவமையாக்கினார். சோதிடத்தில் இவ்விரண்டும் நிழற்கோள்கள் எனப்படும். இராகு அடங்கா வேட்கையையும், அயல்நாட்டுத் தொடர்பையும், திடீரென வரும் ஏற்றத்தையும் குறிப்பது. கேது பற்றறுதலையும், துறவையும், ஞானத்தையும் குறிப்பது. 120 ஆண்டுக் கணக்கில் அமைந்த தசை முறையில் இராகுவுக்கு 18 ஆண்டும் கேதுவுக்கு 7 ஆண்டும் ஒதுக்கப்பட்டுள்ளன. உடலில்லாத தலைக்கு எவ்வளவு உண்டாலும் நிறைவில்லை. தலையில்லாத உடலுக்கு விரும்புதற்கே வாயில்லை. மனிதனுடைய உள்ளத்தில் ஆசையும் துறவும் எதிரெதிரே நிற்றலை இதனினும் அழகாகக் கூறுதல் அரிது என்பதை யான் மனமார ஒப்புக்கொள்கின்றேன்.

இனி, வானத்தில் இவை யாவை? ஓலை முடையும் அப்பெண்ணிடமே இரண்டு வளையங்களைக் கேட்டு வாங்கினேன். ஒன்றைச் சூரியன் செல்வதாக நமக்குத் தோன்றும் பாதை என்றும், மற்றொன்றைச் சந்திரன் செல்லும் பாதை என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே தளத்தில் அமைந்தவையல்ல. ஒன்றற்கொன்று ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளன. ஒரு வளையத்தை மற்றொன்றனுள் சிறிது சாய்த்து நுழைத்தால் அவை இரண்டே இடங்களில் வெட்டிக்கொள்ளும். அவ்விரண்டு இடங்களும் நேர் எதிரெதிராக நிற்கும். சந்திரன் தென்பாலிருந்து வடபால் ஏறும் வெட்டுமிடம் இராகு. வடபாலிருந்து தென்பால் இறங்குமிடம் கேது. அங்கே கல்லும் இல்லை, மண்ணும் இல்லை, ஒளியும் இல்லை. இரண்டு தெருக்கள் கூடும் நாற்சந்தியைப் போல அவை இடங்களேயன்றிப் பொருள்களல்ல.

ஆயினும் அவை பொய்யல்ல. அமாவாசைதோறும் சூரிய கிரகணமும் பௌர்ணமிதோறும் சந்திர கிரகணமும் ஏன் நிகழ்வதில்லை என்னும் வினாவிற்கு விடை இவ்விரண்டு இடங்களிலேயே உளது. பெரும்பாலான மாதங்களில் சந்திரன் சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் சென்றுவிடுகின்றது. இவ்வெட்டுமிடங்களை அடுத்து அமாவாசையோ பௌர்ணமியோ நேருமாயின் கிரகணம் நிகழும். மேலும், சூரியனது ஈர்ப்பினால் இவ்விடங்கள் நிலைத்து நில்லாமல் பின்னோக்கி நகர்ந்து, 18.6 ஆண்டில் வானத்தை ஒருமுறை சுற்றிவருகின்றன. ஏனைய கோள்கள் முன்செல்ல, இராகு கேதுக்கள் மட்டும் எப்பொழுதும் பின்செல்லும் என்று பஞ்சாங்கம் கூறுவதும், ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும் என்பதும் இக்கணக்கினின்றே பிறந்தவை. மேனாட்டினரும் இவ்விடங்களைப் பறவைநாகத்தின் தலை, வால் என்று வழங்கினர். சந்திரன் ஒரு வெட்டுமிடத்தினின்று புறப்பட்டு மீண்டும் அங்கே வந்துசேரும் 27.2122 நாளை இன்றும் வான நூலார் நாகத்தின் பெயராலேயே வழங்குகின்றனர். பாம்பின் உருவம் நமக்கு மட்டும் உரியதன்று.

இவ்வுண்மை நம் நாட்டிற்குப் புதிதோ எனின், அன்று. 499-ஆம் ஆண்டைத் தம் நூலிற் குறிக்கும் ஆரியபடர், சந்திரன் சூரியனை மறைப்பதும் பூமியின் நிழல் சந்திரனை மறைப்பதுமே கிரகணம் என்று தெளிவுறக் கூறினார். சோதிடர் அனைவரும் போற்றும் வராகமிகிரரும் தம் பிருகத்சங்கிதையில் கிரகணத்திற்கு இராகு காரணமன்று என்றே உரைத்தார். 628-ஆம் ஆண்டில் நூல் இயற்றிய பிரமகுப்தர், கணக்கிடும்பொழுது நிழலைக் கொண்டே கணக்கிட்டு, பேசும்பொழுது மட்டும் பழைய வழக்கிற்குப் பரிந்து ஆரியபடரைக் கடிந்தார். பதினோராம் நூற்றாண்டில் இந்நாட்டு நூல்களை ஆராய்ந்த அல்பிரூனி இம்முரணைக் கண்டு வருந்தி எழுதியுள்ளார். கையில் ஒரு கணக்கும் நாவில் வேறொரு வழக்குமாக வாழும் நிலை அன்றே தொடங்கிவிட்டது.

நம் தமிழகத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்கு நினைவூட்டுதல் தகும். சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்த ஜான் வாரன் என்பவர், 1825-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியான காலசங்கலிதம் என்னும் தம் நூலில், புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அக்கணிதர் தரையிலே சோழிகளை வரிசையாகப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, 1825 மே 31-க்கும் சூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. தாளும் எழுதுகோலும் இல்லாமல், தொலைநோக்கி இல்லாமல், சோழியைக் கொண்டு வானத்தை அளந்த அம்முதியோர் மரபை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் பெருமிதம் கொள்கின்றது. ஆயின் வாரன் மற்றொன்றும் கூறுகின்றார்: அக்கணிதர்க்கு அக்கணக்கின் காரணம் சிறிதும் தெரியவில்லையாம், நினைவாற்றலே அவர்க்குத் துணை. கணக்கு கைம்மாறி வந்தது. காரணம் வழியிலே தவறிவிட்டது. நம் காலத்திலோ, கணக்கும் இயந்திரத்தினிடம் போய்விட, எஞ்சியது அச்சம் ஒன்றே.

இனி, அத்தந்தையின் கேள்விக்கு வருவோம். நாகதோஷம் என்பது பெரும்பாலும் கூறப்படும் முறைப்படி, இலக்கினத்திலிருந்து 1, 2, 5, 7, 8 ஆகிய இடங்களுள் ஒன்றில் இராகுவாவது கேதுவாவது நிற்றல். இராகுவும் கேதுவும் எப்பொழுதும் ஒன்றற்கொன்று ஏழாமிடத்தில் நிற்பவை என்பதை மறவாதிருத்தல் வேண்டும். இராகு ஒன்றில் நின்றால் கேது ஏழில். இரண்டில் நின்றால் எட்டில். ஐந்தில் நின்றால் பதினொன்றில். ஆகவே இராகு 1, 2, 5, 7, 8, 11 ஆகிய ஆறு இடங்களுள் எதில் நின்றாலும் தோஷம் வந்துவிடும். இடங்கள் மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டில் ஆறு என்பது சரிபாதி. அஃதாவது, பிறக்கும் மக்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் நாகதோஷத்துடனேயே பிறக்கின்றனர். சந்திரன் நின்ற இராசியிலிருந்தும் அவ்வாறே எண்ண வேண்டும் என்பாருடைய முறையைக் கொண்டாலோ, நான்கில் மூன்று பங்கினர் இதனுள் அகப்படுவர்.

இக்கணக்கை யான் மணலில் கட்டம் வரைந்து சொல்லிக்கொண்டிருக்கையில், அதுவரை வாய் திறவாதிருந்த அப்பெண் தானே விரலால் எண்ணிப் பார்த்து, “அப்படியானால் ஐயா, என்னை வேண்டாமென்று போன வீட்டிலும் பாதிப் பேருக்கு இது இருக்குமே?” என்றாள். அதற்கு யான் கூட்டிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஊரிற் பாதிப் பேரைக் குற்றவாளி என்னும் விதி குற்றத்தைக் காட்டும் விதியன்று. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் வேற்றுமை யாது? பாதிப் பேர்க்கு உரிய ஒன்று ஒருத்தியின் மணத்தை மட்டும் தடுப்பது எங்ஙனம்? தடுப்பது வானத்து நாகமன்று. நிலத்து மாந்தர் நாவே.

பஞ்சாங்கங்களின் நிலையையும் பார்ப்போம். நம்மிடையே வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என இரண்டு வழங்குகின்றன. 2025-ஆம் ஆண்டில் இராகு மீனத்திலிருந்து கும்பத்திற்கும், கேது கன்னியிலிருந்து சிம்மத்திற்கும் பெயர்ந்த நாள், முன்னதன்படி ஏப்பிரல் 26. பின்னதன்படி மே 18. இடையில் 22 நாள். அவ்வாண்டு மே 5-ஆம் நாள் மீன இலக்கினத்தில் ஒரு பெண் மகவு பிறந்ததாகக் கொள்வோம். திருக்கணிதப்படி இராகு ஒன்றில், கேது ஏழில், ஆகவே தோஷமுண்டு. வாக்கியப்படி இராகு பன்னிரண்டில், கேது ஆறில், ஆகவே தோஷமில்லை. ஒரே மகவு, ஒரே வானம். விலைக்கு வாங்கிய நூல் மாறினால் விதியும் மாறுமோ? கண்ணாற் காணும் நிலைக்கு ஒத்துவரும்படி பஞ்சாங்கத்தைத் திருத்துதல் வேண்டுமென்று சென்னை வானாய்வுக்கூடத்துச் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாதிட்டார். அவர் கூறியதை இன்றும் நாம் முழுதும் கேட்டோமில்லை.

“அங்ஙனமாயின் முன்னோர் கூறியன யாவும் பொய்யோ? காளத்திக்கும் திருநாகேசுவரத்திற்கும் செல்லும் மக்கள் யாவரும் மூடரோ?” என்று கேட்பார் இருப்பர். யான் அவ்வாறு கூறவில்லை. தோணிரேவிற்கு வடமேற்கே, சுவர்ணமுகி ஆற்றங்கரையில் நிற்கும் திருக்காளத்தி, கண்ணப்பர் அன்பினால் விளங்கும் தலம். கிரகண வேளையில் ஏனைய கோயில்கள் நடை சாத்த, அக்கோயில் நடை திறந்திருக்கும் வழக்கத்தை யான் ஒரு நல்ல குறிப்பாகவே கொள்கின்றேன்; நிழலைக் கண்டு கதவடைக்காத ஓர் இடமாவது நாட்டில் உளதன்றோ! ஒருவர் மனவமைதி நாடித் தம் தெய்வத்தை வணங்குதல் அவர் உரிமை. அதனை எள்ளுதல் கல்வியாகாது. யான் மறுப்பது வேறு. வணக்கம் மனிதனை நிமிர்த்துவது. அச்சம் அவனைக் கடனாளியாக்குவது. அன்பினால் மலையேறுபவன் வேறு. “போகாவிடின் மகள் வாழாள்” என்று மிரட்டப்பட்டுக் காதணியை அடகு வைத்துப் போகின்றவன் வேறு.

முன்னோர் கண்ட பொருளின் உண்மைப் பயனை அறிய வேண்டுமாயின் அவ்வேரிக்கே மீண்டும் வருக. என் நண்பர் இராகுகாலம் பார்த்துத் தோணி தள்ளுவதில்லை; நீர் பார்த்தே தள்ளுகின்றார். உண்மையில் இராகுகாலத்திற்கும் வானத்து இராகு நிற்கும் இடத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பகலை எட்டாகப் பகுத்துக் கிழமைக்கு ஒன்றாக ஒதுக்கிய பெயரே அது. உவா நாட்களில் ஓதம் மிகும் என்பதும், முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் எவ்வளவு உட்புகும் என்பதும், அதனோடு இறாலும் மீனும் எவ்வாறு வரும் என்பதும் அவர் அறிவார். அவ்வோதத்தின் அளவிலே இவ்வெட்டுமிடங்களுக்கும் பங்குண்டு. இவை சுற்றிவரும் 18.6 ஆண்டில், சந்திரன் வடக்கிலும் தெற்கிலும் விலகும் எல்லை 18½ பாகையிலிருந்து 28½ பாகை வரை மாறுகின்றது. அதற்கேற்ப ஓதமும் சில விழுக்காடு கூடிக் குறைகின்றது. துறைமுகங்களின் ஓத அட்டவணை கணிப்போர் இதனைச் சேர்த்தே கணிக்கின்றனர். ஆகவே இராகு கேதுக்கள் தோணிரேவின் நீரைத் தொடுகின்றன என்பது மெய்; அங்குள்ள பெண்ணின் மாங்கல்யத்தைத் தொடுகின்றன என்பதற்கே சான்றில்லை.

அதே ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நெடுந்தீவிலே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் உளது. 2023-ஆம் ஆண்டு சூலை 14-ஆம் நாள் அங்கிருந்து எழுந்த சந்திரயான்-3, ஆகஸ்டு 23-ஆம் நாள் நிலவின் தென்முனையை அடுத்து இறங்கியது. சந்திரனது பாதை எவ்வளவு சாய்ந்துள்ளது, எங்கே வெட்டுகின்றது என்பவற்றை அறியாமல் அத்தகைய பயணத்தை வகுத்தல் இயலாது. சோழி பரப்பிய கணிதரின் வழித்தோன்றல்களாக யான் கருதுவது அக்கணக்கைச் செய்த அறிஞர்களையே. நாகதோஷம் கூறிப் பொருள் பறிப்போரையல்ல. அத்தீவினின்று எழும் ஒளியைக் கரையில் நின்று காணும் ஊரிலேயே, அதே நிலவின் நாற்சந்தியைக் காரணங்காட்டி ஒரு பெண் வீட்டிலே முடங்கிக் கிடத்தல் நம் கல்விக்கு அழகோ?

மாணாக்கர்காள்! உங்களுட் பலர் இவ்வாண்டோ வரும் ஆண்டோ மணம் பேசப்படுவீர். சிலர்க்கு உடன்பிறந்த மகளிர் உளர். உங்கள் வீட்டிலே சாதகக் குறிப்பு விரிக்கப்படும்பொழுது, எழுந்து பெரியோரை எதிர்த்துப் பேச வேண்டுமென்று யான் கூறேன். அருகமர்ந்து, பணிவோடு, பன்னிரண்டு கட்டத்தை வரைந்து எண்ணிக் காட்டுங்கள். எத்தனைக் கட்டங்களில் தோஷமில்லை என்று பெரியோரையே எண்ணச் சொல்லுங்கள். ஆடவராயின், “தோஷமுள்ள பெண் எனினும் எனக்குச் சம்மதம்” என்று ஒரு சொல் சொல்லும் துணிவைப் பெறுங்கள். நூறு சொற்பொழிவு செய்யாததை அவ்வொரு சொல் செய்யும். சூரிய கிரகணம் வரும் நாளில் கதவடைத்து உள்ளிருத்தலை விடுத்து, 2019 திசம்பர் 26-இல் கோயம்புத்தூர் முதல் புதுக்கோட்டை வரை பலர் செய்ததுபோல, தக்க கண்காப்போடு வெளியே வந்து காணுங்கள், சிறார்க்கும் காட்டுங்கள்.

யான் புறப்படும்பொழுது அப்பெண் அவ்விரண்டு வளையங்களையும் சாய்த்தபடியே சேர்த்துக் கட்டி என்னிடம் கொடுத்தாள். அஃது இன்றும் என் மேசைமேல் உளது. அவள் மணம் இன்னும் கூடவில்லை. ஆனால் பொன்னேரியில் மேற்படிப்பிற்கு மனுச்செய்திருக்கின்றாள் என்று அவள் தந்தை சொல்லியனுப்பினார். “என் மகள் பிறந்ததில் என்ன குற்றம்?” என்று கேட்ட அவருக்கு யான் கூறும் விடை இதுவே: குற்றம் அவள் பிறப்பில் இல்லை, எண்ணத் தெரிந்தும் எண்ணாதிருந்த நம்மிடத்திலேயே உளது.